பங்கேற்பாளர் ஈ

ஈயாம். பங்கேற்பாளர் ஈ. அ, ஆ, இ என்று முதல் மூன்று எழுத்துகளும் வேறு கல்லூரிகளில் பாடம் நடத்துகிற, கையோ காலோ நடுங்குகிற மூன்று பேருக்குப் போய்விட, நான்காவதாக வந்தவளுக்கு மிஞ்சியது அது, திரையில் பெரிசாக, கறுப்பாக, பக்கத்தில் ‘பெண், விரிவுரையாளர், மத்திய மலைநாடு, பார்க்கின்சன் நோய்’ என்று ஒரு வரி, அந்த வரியைப் படித்த பிறகும் அது சிசிலிதான் என்று தெரியாத ஆள் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறார்களா, இந்தக் கல்லூரியில் பார்க்கின்சன் வந்தவள் அவள் ஒருத்திதானே, பெயரை மறைத்திருக்கிறானாம், அது ஆய்வு ஒழுக்கமாம்... அம்மாவுக்கும் இப்படித்தான், ரெஜினா என்று கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் ஒன்று இருந்தது, லிந்துலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை, கணக்கப்பிள்ளை நம்பரைச் சொல்லிக் கத்துவார், அம்மா கூடையோடு முன்னால் போவாள், அந்த அம்மாவின் மகள் படித்து, ஆசிரியையாகி, ஆசிரியர்களுக்கே கல்வி உளவியல் படிப்பிக்கிறவளாகி, கடைசியில் நம்பரிலிருந்து எழுத்துக்கு உயர்ந்திருக்கிறாள். அதுவும் என்ன எழுத்து. கையை வீசினால் பறந்துவிடும்.

கைதான் வீச வராது. வலது கை சேலை மடிப்புக்குள் தன் பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருந்தது, இடது கையை அதன்மேல் வைத்து அமுக்கினாள், அமுக்கினால் முழங்கையில் கிளம்புகிறது, விட்டால் விரலுக்கு வருகிறது... எல்லாம் நேரம் பிந்தியதால், மத்தியானம் சாப்பிட்ட கையோடு தொடங்குகிறோம் என்றுதான் சொன்னார்கள், அந்தக் கணக்கில்தான் அவளும் மாத்திரையைப் போட்டாள், பிறகு பார்த்தால் கொழும்பிலிருந்து வருகிற பேராசிரியரின் வாகனம் கினிகத்தேனையில் மண்சரிவுக்குப் பின்னால் நிற்கிறதாம், காத்திருங்கள், தேநீர் குடியுங்கள், காத்திருங்கள், மாத்திரை காத்திருக்குமா, அது ஏறுகிற நேரத்தில் ஏறி இறங்குகிற நேரத்தில் இறங்கும், இப்போது இறங்கிக்கொண்டிருந்தது, தோள் இரண்டிலும் மழையில் நனைந்த சாக்கைப் போட்டமாதிரி ஒரு கனம், கால் விரல்கள் செருப்புக்குள் சுருள்கின்றன, அடுத்ததை முன்கூட்டிப் போடக்கூடாது என்று கண்டி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மேடையில் பிரதாப், நீல நிறக் கழுத்துப்பட்டி, கையில் சிவப்பு ஒளி அடிக்கிற குச்சி, என்ன தெளிவு, என்ன நிதானம், ‘இயக்கக் கோளாறுள்ள விரிவுரையாளர்களின் அறிகைத்திறனும் வகுப்பறைக் கற்பித்தலும்’ என்று தலைப்பைத் தடங்கலில்லாமல் வாசித்தான். நோர்வூட் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறான் என்று அவனைப் பற்றிப் பெருமைப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி, அந்தப் பெருமை இப்போது தொண்டையில் மீன் முள் மாதிரி...

அவனாக வந்து கேட்டான். மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஹட்டனில் வாங்கிய திராட்சைப் பையோடு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “மிஸ், நம்ம பக்கத்துல இதப்பத்தி யாருமே எழுதல. இந்த வருத்தத்தோட ஒரு ஆள் எப்பிடி படிப்பிக்கிறாங்கன்னு உலகத்துக்குத் தெரிய வேணாமா?” என்றான். உலகத்துக்கு. அவளுக்கும் ஆசை வந்தது, ஏன் பொய் சொல்வது, கண்டி கிளினிக்கில் நடையைப் பார்த்தார்கள், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள், வகுப்பில் நின்று ஒரு கேள்வியை வீசிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, இவனாவது கேட்பான் என்று நினைத்தாள், வகுப்பின் பின்னால் கமராவை வைக்கச் சம்மதித்தாள், சோதனைக்கு உட்காரச் சம்மதித்தாள்... கேட்டானா? அளந்தான். கேட்பது வேறு, அளப்பது வேறு. இதை இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு அவளே எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

திரையில் வீடியோ ஓடத் தொடங்கியது, முகத்தை மங்கலாக்கியிருப்பான் என்று நினைத்தாள், இல்லை, கண்ணை மட்டும் ஒரு கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தான், கள்ளனைப் பிடித்துப் பத்திரிகையில் போடுகிற மாதிரி, மீதி முகம் அப்படியே, மூக்கு, வாய், கன்னம், அதுவா நான்... அவள் தன்னை இப்படிப் பார்த்ததே இல்லை, கண்ணாடியில் பார்ப்பது வேறு, கண்ணாடிக்கு முன்னால் மனிதர்கள் முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் நிற்கிறார்கள், இது வகுப்பில் நிற்கிற முகம், அன்றைக்குச் சொன்ன பகிடி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொல்லிவிட்டுச் சிரித்தாள், சத்தியமாகச் சிரித்தாள், நெஞ்சுக்குள் அந்தச் சிரிப்பின் சூடு இன்னும் இருக்கிறது, திரையிலோ ஒன்றும் அசையவில்லை, பூசி மெழுகிய சுவர் மாதிரி ஒரு முகம், உதடு மட்டும் கொஞ்சம் திறந்து மூடியது. முன் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கு எழுந்து போய் ஒரு அறை விடலாம். பிறகு பட்டியல், வீடியோவை மட்டும் பார்த்த வேறு கல்லூரி மாணவர்கள் பங்கேற்பாளர் ஈயைப் பற்றிச் சொன்னது, ஆர்வமில்லாதவர், களைத்துப்போனவர், மாணவர்களைப் பிடிக்காதவர்... மாணவர்களைப் பிடிக்காதவர்! வீட்டிலும் இதேதான், சூசைரட்ணம், கட்டிய புருசன், இத்தனை வருடம் கூட இருந்த மனிதர், போன கிறிஸ்மஸ்ஸுக்குப் புடவை வாங்கி வந்து விரித்துக் காட்டி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “புடிக்கலைன்னா சொல்லு, ஏன் மொறைக்கிறே” என்று மடித்து வைத்துவிட்டார், அவளுக்கு அந்த மயில் கழுத்து நிறம் உயிர். நோய் கையில் இருக்கிறது என்று ஊரே நினைக்கிறது. கை நடுங்கினால் நடுங்கட்டும், சந்தோசம் முகத்துக்கு வந்து சேராமல் பாதி வழியில் தங்கிவிடுகிறதே, அதற்கு எந்த டொக்டரிடம் போவது? இப்போதுகூடப் பாருங்கள், உள்ளே அடுப்பு எரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஷாமிலா, கணிதம் படிப்பிக்கிறவள், கல்லூரியில் அவளை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள், அவளே திரும்பிப் பார்த்து, “தூக்கம் வருதா அக்கா?” என்று கேட்கிறாள்.

தூக்கமாம்.

அடுத்தது சோதனை. மணிக்கூட்டுப் படம் வரையச் சொன்னான், மிருகங்களின் பெயர் கேட்டான், சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னான், அதையெல்லாம் விட்டுவிடலாம், அந்த ஒன்றை எடுத்துப் பெரிசாகத் திரையில் போட்டிருக்கிறான், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கிற வேலை, ஒன்று, அ, இரண்டு, ஆ, மூன்று, இ... பென்சில் ஊர்கிறது, அவன் போனில் நேரம் ஓடுகிறது, ஊர்கிற கையை வைத்து ஓடுகிற மூளையை அளக்கிறான், முடவனை ஓட விட்டுவிட்டு வழி தெரியவில்லை என்று எழுதுகிற நியாயம், ‘நிறைவேற்றுத் தொழிற்பாடுகளில் குறிப்பிடத்தக்க குறைவு’ என்று, அதாவது யோசித்து ஒழுங்குபடுத்துகிற மூளை மங்கிவிட்டது என்று, எழுதியே வைத்திருக்கிறான். அதுவும் எப்போது செய்தான், கடைசி வகுப்பு முடிந்து, மாத்திரை முழுசாக இறங்கி, நாற்காலியிலிருந்து எழுவதற்கே மேசையைப் பிடிக்கவேண்டியிருந்த பின்னேரத்தில், காலையில் வா என்று சொன்னாள், காலையில் அவனுக்குக் கூட்டமாம்... ஆனால், அன்றைக்கு, கடைசியில், பென்சிலை வைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள் மிஸ் என்றானே. வாயால். கைக்கு அதில் வேலையே இல்லை. மூன்று, இ, நான்கு... நான்கு... நான்குக்குப் பிறகு எண்ணா எழுத்தா, இரண்டு வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, பனியில் எதிரே வருகிற வாகனத்தின் வெளிச்சம் மாதிரி எல்லாம் வெள்ளையாகி, ஐந்து என்று சொன்னாள், அவன் போனைப் பார்த்தான். அதை இந்தத் திரையில் அவன் போடவில்லை. இரக்கமா, மறந்துவிட்டானா? களைப்பு, அவ்வளவுதான், யாருக்கும் வரும்... வரும். இரக்கமென்றால் அதற்கும் கோபம் வந்தது.

முன் வரிசையில் பீடாதிபதி சுதாகரன் பேராசிரியரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், பேராசிரியர் பின்னால் திரும்பி ஒரு தரம் பார்த்தார், சரியாக அவளைத்தான், சுதாகரன் சேர் காட்டிக்கொடுத்திருக்கிறார். போன வாரமே அவளைக் கூப்பிட்டு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், அந்த மரியாதையிலேயே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது, “மிஸ், நூலகத்துக்குப் பொறுப்பா அனுபவமுள்ள ஒராள் தேவைப்படுது, உங்களுக்கும் அது இலகுவா இருக்கும்” என்றார், யோசிக்கிறேன் சேர் என்று வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது, புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகமாக அடுக்கி வைக்கப்போகிறார்கள், அதற்கு ஒரு காரணம் வேண்டும், இதோ, நீலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேடையில் நின்று காரணம் பேசுகிறது. பிரதாப்புக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறாள், தெரியாமல் செய்கிறவன்மேல் வருகிற கோபம்தான் பொல்லாத கோபம், வைக்க இடமில்லாத கோபம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். சிசிலி எழுந்தாள், எழுந்துவிட்டாள் என்பதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது, மைக் நடைபாதையின் நடுவில் நின்றது, கிட்டத்தான், ஷாமிலா கையை நீட்டினாள், வேண்டாம் என்று தட்டிவிட்டு நடந்தாள், நன்றாகத்தான் நடந்தாள், பாதி வழியில் கால் ஒட்டிக்கொண்டது. இதற்கு நேரம் பார்த்திருக்கிறது. உடம்பு முன்னால் போகிறது, பாதம் தரையை விடமாட்டேன் என்கிறது, தரையில் ஒரு கோடு இருந்தால் தாண்டிவிடலாம், கோடு போட்ட இடத்தில் கால் கேட்கும், இந்த மண்டபத்துச் சீமெந்துத் தரையில் ஒரு கோடும் இல்லை... மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது, பயிலுநர்கள், விரிவுரையாளர்கள், தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற ஆண்டியப்பன் அண்ணன், எல்லாரும், விழப்போகிறாளா என்று. மைக்குக்குப் போகாமலே பேசலாம் என்று நின்ற இடத்தில் வாயைத் திறந்தாள், “இந்த ஆய்வுல... சோதனை... எந்த...” காற்றுத்தான் வந்தது, தனக்கே கேட்காத காற்று.

மேடையிலிருந்து பிரதாப் அன்பாகச் சிரித்தான். “மிஸ் என்ன கேக்க வாறாங்கன்னா, சோதனையில எந்தெந்தப் பகுதி இருக்குன்னு. அது என்னன்னா...”

“முடிக்காதீங்க!”

யார் கத்தியது? சிசிலிதான். கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம், அவளுடைய பழைய குரல், காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல்.

“முடிக்காதீங்க பிரதாப். என் வாக்கியத்த நானே முடிப்பேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் நீங்க காத்துக்கிட்டு நில்லுங்க. நான் மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு இந்தச் சோதனையச் செஞ்சீங்க? அது எங்க போட்டிருக்கு?”

“அன்னைக்கு... பின்னேரம் மிஸ். உங்களுக்கு அப்பதான் நேரம் கெடைச்சிச்சு...”

“எனக்கில்ல, உங்களுக்கு. காலையில வாங்கன்னு சொன்னேன். மாத்திரை ஏறுற நேரத்துல நான் ஒரு ஆளு, எறங்குற நேரத்துல வேற ஆளு. நீங்க எந்த ஆள அளந்தீங்க?”

அவன் கையிலிருந்த சிவப்பு ஒளி திரையில் எங்கேயோ அலைந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “மருந்து நேரம் பதியலையா பிரதாப்? நாலு பேருக்குமா?” என்றார். “பதியல மெடம்” என்றான். சிசிலிக்கு அது போதவில்லை, வந்துவிட்ட குரலை விட்டுவிடப் பயமாக இருந்தது, கயிற்றைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொண்ணு. என் மூஞ்சியப் பாத்து ஆளுங்க என்ன நெனைச்சாங்கன்னு போட்டிருக்கீங்க. என் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாடம் வெளங்கிச்சான்னு ஒரு பரீட்சை வச்சோமே, கேள்விய நான்தானே எழுதிக் குடுத்தேன், அது எங்க?”

“அது ஆய்வு வரையறைக்கு வெளியில வருதுன்னு...”

“என்ன முடிவு?”

“மத்த வகுப்புகளுக்கும் அதுக்கும் வித்தியாசமில்ல மிஸ்.”

“சத்தமாச் சொல்லுங்க. எனக்குத்தானே சத்தமில்ல, உங்களுக்கு இருக்கே.”

சொன்னான். மைக்கில் சொன்னான். பின்னால் பிள்ளைகள் யாரோ கைதட்டப்போய் நிறுத்திக்கொண்டார்கள். அப்போதுதான் கவனித்தாள், கால் விட்டிருந்தது, எப்போது விட்டது என்று தெரியாது, பேசிக்கொண்டே மைக்கைத் தாண்டி மேடைக்குக் கிட்ட வந்திருந்தாள்.

பிறகு தேநீர். சுதாகரன் சேர் கிட்ட வந்து, “கோவப்படக்கூடாது மிஸ், இந்த வருத்தத்துக்கு அது கூடாது, மத்த விசயத்தப் பிறகு ஆறுதலாப் பேசுவோம்” என்றார், மத்த விசயம் என்றால் நூலகம், அது போகவில்லை, ஆறப்போட்டிருக்கிறார். பிரதாப் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குடிக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான், முகம் முழுக்க வெட்கம், எவ்வளவு சுலபமாக அது அவன் முகத்துக்கு வந்துவிடுகிறது, அதைப் பார்க்கவே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. “நான் திருத்துறேன் மிஸ். நாலு பேரையும் மறுபடி பாக்கணும். காலையில வாறேன், நீங்க சொல்ற நேரத்துக்கு” என்றான். நான்கு, நான்குக்குப் பிறகு... காலையிலும் அது வெள்ளையாகிவிட்டால்? மாத்திரை ஏறி, கை லேசாகி, கால் கேட்டு, எல்லாம் சரியாக இருக்கிற நேரத்திலும் அந்த ஒரு இடத்தில் வழி தெரியாமல் நின்றால், அப்போது யார்மேல் கோபப்படுவது? வரவேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அவன் கேட்பான், இப்போது அவள் எது சொன்னாலும் கேட்பான்.

“வாங்க” என்றாள். “வாயால சொல்றதையும் செய்யணும். அதையும் போடுங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான், அப்படியானால் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, மறைத்துத்தான் வைத்திருக்கிறான், தலையை ஆட்டினான்.

கல்லூரிப் படியிலிருந்து பஸ் நிறுத்தம்வரை ஷாமிலா கூட வந்தாள், மழை விட்டு, எதிர்மலையில் தேயிலைக்கு மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது, வீதியோரத்து வெள்ளைக் கோட்டை மிதித்து மிதித்து நடந்தாள் சிசிலி, கோட்டின்மேல் கால் நன்றாகத்தான் போனது. ஷாமிலாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பிரதாப்பின் முகம் போன போக்கை இரண்டு தரம் நடித்துக் காட்டினாள். “அக்கா, உங்க கொரல் போயிருச்சுன்னுல்ல நெனைச்சேன் நான். மைக் இல்லாம பின் வரிசைக்குக் கேட்டிச்சே! எங்க வச்சிருந்தீங்க அத?” என்றாள்.

எங்கே வைத்திருந்தேன். சிரிப்புத்தான் வந்தது முதலில், அதுவும் முகத்துக்கு வந்திருக்காது, பரவாயில்லை... பிறகு அந்தக் கேள்வி மெல்ல உள்ளே இறங்கியது. நடக்கவே முடியாத ஒருவர் வீடு தீப்பிடித்தபோது எழுந்து ஓடினார் என்று டொக்டர் ஒரு தரம் சொன்னார், கோபமோ பயமோ முட்டினால் மூளை வேறு பாதையால் போகும், அது வைத்தியமாகாது, கொஞ்ச நேரத்துக்குத்தான், என்றார். அப்படியென்றால் இன்றைக்கு மண்டபத்தில் பேசியது எது? இனிமேல் யாருக்காவது கேட்கவேண்டுமென்றால் ஒவ்வொரு தரமும் வீடு எரியவேண்டுமா? நாளைக் காலை முதல் வகுப்பு, பிள்ளைகள் விளையாடி விளையாடி எப்படிக் கற்கிறார்கள் என்ற பாடம், அவளுக்கு மிகவும் பிடித்த பாடம், எத்தனை வருடம் நடத்தியும் அலுக்காதது, அதில் கோபப்பட யார் இருக்கிறார்கள், எதன்மேல் கோபப்படுவது, மணலை அள்ளிக் கொட்டுகிற ஒரு பிள்ளையின்மேலா? அந்த வகுப்பின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தாள், சாதாரணமாக, ஆசையோடு, நாளைக்குச் சொல்லப்போகிற மாதிரியே.

“என்ன அக்கா? என்ன சொன்னீங்க?” என்று ஷாமிலா குனிந்தாள்.

சிசிலி மறுபடியும் சொன்னாள். ஷாமிலா இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.